பச்சை வளையம் போட்ட டிரம்கள்

என் மேசைக் கண்ணாடி உடைந்த சத்தத்தோடுதான் தண்டல் எனக்கு நினைவுக்கு வருவார். மேசை முழுக்கப் பரப்பியிருந்த கனத்த கண்ணாடி அது. அதற்கடியில் என் திட்டத்தின் படத்தை வைத்திருந்தேன். தொழிற்சாலையிலிருந்து லாரி கிளம்பிப் போவது ஒரு பச்சை அம்பு, காலி டிரம்களோடு திரும்பி வருவது இன்னொரு பச்சை அம்பு, இரண்டும் சேர்ந்தால் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் நட்டநடுவில் தண்டலின் கொட்டாப்புளி இறங்கியது. உளியைத் தட்டுவதற்கு வைத்திருக்கும் மரச் சுத்தியல். ஒரு சில்லு என் கீழுதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. வாயெல்லாம் உப்புக் கரித்தது. எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, ஆத்திரம். டிரம் கழுவுகிற ஒரு ஆள் என் அறைக்குள் வந்து என் மேசையை உடைக்கிறானா என்று நினைத்தேன். அப்படித்தான், மரியாதை இல்லாமல்தான் நினைத்தேன்.

தூத்துக்குடியில் தண்டல் என்றால் தோணியின் தலைவர். பெரிய மரக்கலங்கள் இன்றைக்கும் பழைய துறைமுகத்திலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வருகின்றன. அவற்றில் ஒன்றை அவர் பல வருடம் ஓட்டியிருக்கிறார். சரக்கை அளவுக்கு மேல் ஏற்றச் சொன்ன முதலாளியைக் கயிற்று முனையால் வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டுக் கரையேறியவர் என்று ஷெட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் தொழிற்சாலையில் டிரம் கழுவும் ஷெட்டுக்குப் பொறுப்பாளராக வந்த பிறகும் அந்தப் பட்டம் போகவில்லை. காவலாளி முதல் ஜெனரல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் தண்டல்தான். கை நீட்டும் பழக்கமும் போகவில்லை. ஷெட்டின் பக்கத்தில் பீடி பற்றவைத்த லாரி டிரைவர் ஒருவரை அவர் அறைந்த அறையில் பீடி ஒரு பக்கமும் பல் ஒரு பக்கமுமாகப் போனது. விசாரிக்கப் போன என்னிடம், "பல்லு ஒண்ணு போச்சு மேடம், ஷெட்டு நிக்கிதுல்லா?" என்றார். கண்டித்துக் கடிதம் கொடுத்தேன். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவும்போது சாமியார்ட்ட காட்டுதேன்" என்றார். நான் பெருமாள் கோயில் ஊர்க்காரி, எதற்கெடுத்தாலும் படிவமும் கையெழுத்தும் கேட்பவள் என்று என்னை அவர் ஓயாமல் கேலி செய்வார். அப்போதெல்லாம் எனக்கு அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

மாப்பிள்ளையூரணியைத் தாண்டி, உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் இருந்தது தொழிற்சாலை. பெயிண்ட் கம்பெனிகளுக்கு வேண்டிய ரெசினைக் காய்ச்சி, தின்னரில் கரைத்து, இரும்பு டிரம்களில் அடைத்து அனுப்புவோம். நான் அங்கே சுற்றுச்சூழல் மேனேஜர். சேர்ந்த புதிதில் என்னை உறுத்தியது எங்கள் லாரிகள்தான். போகும்போது அச்சு முறியும் பாரம், திரும்பும்போது வெறும் வண்டி, வெறும் புகை. சரக்கை வாங்கியவர்கள் காலி டிரம்மைக் கண்ட இடத்தில் தள்ளிவிட, நாங்கள் இங்கே புதுப் புது டிரம்களாக வாங்கிக்கொண்டிருந்தோம். திரும்பும் லாரிகளிலேயே அந்தக் காலி டிரம்களை ஏற்றி வரவைத்தேன். வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு பச்சை வளையம் பூசி எண் போட்டோம். கழுவிச் சோதித்து, தேறியவற்றில் மறுபடி ரெசின் நிரப்பினோம். வெறும் வண்டி ஓடுவது நின்றது. புது டிரம் வாங்குவது பாதிக்கு மேல் குறைந்தது. நல்ல திட்டம்தான், இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். அதை வைத்துக்கொண்டு நான் செய்ததுதான் நல்லதில்லை.

தேறாத டிரம்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் மிஞ்சும். நசுங்கியவை, அடியில் துருவேறியவை. அவற்றைத் தண்டல் கொல்வார். அந்தச் சொல் அவருடையது. முதலில் மூடியைத் திருகி எடுத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி ஒரு நாள் நிறுத்திவைப்பார். பிறகு வெண்கல உளியை அதன் தலையில் வைத்துக் கொட்டாப்புளியால் நான்கு போடு, நான்கு ஓட்டை. இரும்பு உளியை ஷெட்டுக்குள்ளேயே விடமாட்டார். இரும்பும் இரும்பும் மோதினால் பொறி பறக்கும், வெண்கலத்தில் பறக்காது. ரெசின் வந்த டிரம் காலியானாலும் காலியில்லை. மடிப்புகளில் ஒட்டிக் கிடப்பது சூடு பட்டால் ஆவியாகும், மூடிய டிரம்முக்குள் அந்த ஆவியை நெருப்புத் தொட்டால் குண்டுதான். ஓட்டை போட்ட டிரம்மை வெட்டித் தொட்டி செய்ய எவரும் ஆசைப்பட மாட்டார்கள். அது நேராக உருக்காலைக்குத்தான் போகும். எங்கள் கையேட்டிலும் இந்த முறைதான் எழுதியிருந்தது, வெண்கல உளி உட்பட. எழுதியது எனக்கு முன்னால் இருந்தவர். படித்துக் கையெழுத்திட்டது நான்.

தலைமை அலுவலகம் கேட்ட அறிக்கையில் இரண்டு கட்டங்கள் எனக்கு இடைஞ்சலாக இருந்தன. ஒன்று கழிவு, மற்றது தண்ணீர். ஓட்டை விழுந்த டிரம் கழிவு. ஓட்டை போடாமல் பழைய டிரம் வாங்கும் வியாபாரிக்குத் தள்ளிவிட்டால் அதே டிரம் மறுபயன்பாடு. டிரம்மைக் கொல்ல ஊற்றும் தண்ணீரோ, குடிக்க லாரித் தண்ணீரை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்கும் ஊரில், வெட்டிச் செலவு. இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில் நிறுத்தினேன். இனிமேல் தண்ணீரும் வேண்டாம், ஓட்டையும் வேண்டாம், முழு டிரம்மாக வியாபாரிக்குப் போகட்டும். யாரும் வெட்ட மாட்டார்கள் என்று வியாபாரி எழுதிக் கொடுத்தார். எந்த எண் டிரம் யாருக்குப் போனது என்ற பட்டியலையும் மாதாமாதம் அனுப்பினார், மறுபயன்பாட்டுக்குச் சான்று வேண்டுமே. அந்தப் பட்டியலில் உடன்குடி வெல்டிங் பட்டறை ஒன்று இருந்தது. வேம்பார் கருவாட்டுக் களம் ஒன்று இருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் டிரம்மை வாங்கி வெட்டாமல் கும்பிட்டுக்கொண்டா இருப்பார்? எனக்கு இது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

தண்டல் சுற்றறிக்கையை வாங்கிப் படித்தார். வழக்கம்போல ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வியாபாரி என்னிடம் குறை சொன்னதும் ஷெட்டின் தண்ணீர்க் குழாயைப் பூட்டினேன். அதற்கும் அவர் அசையவில்லை. ஒரு நாள் முற்பகல், வியாபாரியின் லாரி பாரம் ஏற்றிக்கொண்டு எடைமேடையில் நின்றபோது, அதன்மேல் ஏறி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, தண்ணீர் இல்லாமலே குத்த ஆரம்பித்துவிட்டார். டிரைவர் காலைப் பிடித்து இழுத்தார், தண்டல் ஒரே உதையில் அவரைத் தரைக்கு அனுப்பினார். பகல் சாப்பாட்டுக்குள் வேலைநீக்கக் கடிதம் தயாரானது. வாங்கிய கையோடு என் அறைக்கு வந்தார். அதுவரை மேடம் என்று கூப்பிட்ட மனிதர் அன்றைக்கு "ஏளா" என்றார்.

"ஏளா, எந்தம்பி மாலியில வச்சி ஒரு டிரம்ம வெட்டுனான், தண்ணித் தொட்டி செய்ய. மூடி பறந்து வந்து மூஞ்சில அடிச்சிட்டு. மூஞ்சியே இல்ல. துணியப் போட்டு மூடித்தான் பொதச்சோம், எங்கம்மைக்குக்கூடக் காட்டல. எனக்கு வேல வேண்டாம். இதுவர போன டிரம்மு எல்லாம் எங்கன போச்சி, அந்த லிஸ்ட்ட மட்டும் குடு."

கம்பெனி ஆவணத்தை வெளியாட்களிடம் கொடுப்பதில்லை என்றேன். வெளியாள் ஆகி அவருக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்போதுதான் கொட்டாப்புளி இறங்கியது.

நான் போட்ட கூச்சலில் காவலாளிகள் நான்கு பேர் ஓடி வந்தார்கள். அவரை வெளியே இழுத்துப்போனார்கள். என் ஜன்னலிலிருந்து பார்த்தால் எடைமேடை நேரே தெரியும். அங்கே வைத்துத்தான் அடித்தார்கள். இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் லத்தியால் முழங்காலில் போட்டான். தண்டல் விழுந்தார். நான்காவது ஆள் பூட்ஸ் காலால் தலையில் மிதித்தான், காதிலிருந்து ரத்தம் வந்தது. எடைமேடைத் தகட்டில் அவர் விழுந்தபோது எடை அறையில் இருந்த திரையில் அவருடைய எடை காட்டியிருக்கும், அதைப் பார்த்துச் சிரித்ததாக எடை போடுகிற பையன் பிறகு சொன்னான். அவர்களுக்கும் பழைய பாக்கி இருந்தது. தண்டலிடம் அடி வாங்காத காவலாளி அங்கே கிடையாது. அந்த நிலையிலும் அவர் மாடியைப் பார்த்து, "லிஸ்ட்ட குடுளா! ஆளுவ செத்துருவானுவ!" என்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு கையால் உதட்டில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். அப்போது எனக்குத் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வேண்டும் என்று தோன்றியது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை போதும், நிறுத்தியிருப்பார்கள். எனக்காகத்தான் அடித்தார்கள்.

அதோடு போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டு வாரத்தில் வியாபாரி போன் செய்தார். தண்டல் நொண்டிக்கொண்டே ஒரு மொபெட்டில் அவருடைய கிட்டங்கிக்கு வந்து, அடுக்கியிருந்த டிரம்களைக் குத்த ஆரம்பித்தாராம். ஆட்கள் கட்டிவைத்து அடித்து அனுப்பினார்களாம். மூன்றாம் நாள் மறுபடி வந்தாராம். "உங்க ஆளுக்கு மண்ட கழண்டுபோச்சா மேடம்?" என்று கேட்டார். எங்கள் ஆள் இல்லை, போலீசில் சொல்லுங்கள் என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. காயல்பட்டினம் போகும் வழியில் ஒரு கடை, முத்தையாபுரத்தில் ஒரு பட்டறை. யாரிடமோ கேட்டு, லாரி போன தடத்தைப் பிடித்து, பச்சை வளையத்தை எங்கே கண்டாலும் இறங்கிக் குத்தியிருக்கிறார். எல்லா இடத்திலும் அடி வாங்கியிருக்கிறார், அடித்தும் இருக்கிறார். போலீஸ் இரண்டு தடவை பிடித்து வைத்திருந்து அனுப்பியது. எல்லா முகவரியும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த மனிதர் ஊர் ஊராக மோப்பம் பிடித்துக்கொண்டு அலைந்தார்.

உடன்குடிச் செய்தி மார்கழி மாதத்தில் ஒரு காலையில் வந்தது. பனங்கிழங்குப் பருவம். பொங்கலுக்கு முன்னால் கிழங்கை மூட்டை மூட்டையாக அவிப்பார்கள், அதற்குப் பாதியாக வெட்டிய இரும்பு டிரம்தான் பாத்திரம். ஜெனரல் மேனேஜரும் நானும் ஜீப்பில் போய் இறங்கியபோது பட்டறையின் கூரைத் தகரங்கள் பனைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தன. செம்மண் ஒரு பெரிய வட்டத்துக்குக் கறுத்திருந்தது. டிரம்மின் மூடித்தகடு ஒரு பனையில் பாதிவரை இறங்கி நின்றது. வெல்டரை அதற்குள் எடுத்துவிட்டார்கள். அவருடைய தூக்குச்சட்டி மட்டும் சாப்பாட்டோடு திறக்காமல் சுவரோரமாக இருந்தது. அவரை எடுத்த இடத்தில் மண்வாரியால் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த ஆள் ஒருவர் திரும்பி நின்று வாந்தி எடுத்தார். விரிந்து கிடந்த இரும்புத் தகட்டில் பச்சை வளையம் ஒரு முழ நீளத்துக்குத் தெரிந்தது. ஜெனரல் மேனேஜரும் அதைப் பார்த்தார். நடக்கிற பாவனையில் கால் நுனியால் அதன்மேல் மண்ணைத் தள்ளினார். அதற்குள் வெல்டரின் அண்ணன் வந்து அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜீப் கண்ணாடிக்கு முதல் கல் வந்தது. எங்கள் டிரைவருக்கு நெற்றி பிளந்தது. குனிந்துகொண்டே ஊர் எல்லை வரை வந்தோம்.

நடந்தது பிறகு தெரிந்தது. அன்று காலை தண்டல் அந்தப் பட்டறையைக் கண்டுபிடித்திருக்கிறார். வாசலில் பச்சை வளையத்தோடு டிரம்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் திறந்து, பட்டறைத் தொட்டியிலிருந்தே தண்ணீர் மொண்டு ஊற்றிக் குத்த ஆரம்பித்தார். பட்டறைக்காரர் இரும்புக் குழாயால் முதுகில் அடித்தார். தண்டல் திரும்பி ஒரே குத்தில் அவர் தாடையைப் பெயர்த்தார். இருவரும் மண்ணில் புரண்டுகொண்டிருக்கும்போது, உள்ளே வெல்டர் தம் பாட்டுக்கு அடுத்த டிரம்மில் கேஸ் கட்டரை வைத்திருக்கிறார். தண்டல், "ஏலே, வைக்காதலே!" என்று கத்திக்கொண்டு உள்ளே பாய்ந்திருக்கிறார். வெல்டரின் தோளைத் தொடக் கையை நீட்டியபோது வெடித்தது. நீட்டிய அந்த இடது கையில் இரண்டு விரல்கள் போயின. வலது கன்னம் வெந்துபோனது.

பட்டறைக்காரர் போலீசிடம் சொன்னது வேறு. அத்துமீறி நுழைந்த ஆள் உளியால் டிரம்மை அடித்தான், பொறி பறந்தது, வெடித்தது. அவருக்கு அது வசதி. எங்களுக்கும் அதுதான் வசதி. விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் மேனேஜரின் அறையில் உட்கார்ந்து, அந்த வெண்கல உளியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்தார். "உங்க ஷெட்டு உளிதான மேடம் இது? இதுல அடிச்சா பொறி வருமா?" என்று கேட்டார். வராது. அது வராது என்பதற்காகவே அந்த உளி. ஷெட்டில் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்குக்கூடத் தெரியும். ஜெனரல் மேனேஜர் எனக்குத் தேநீர்க் கோப்பையை நகர்த்தினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. வராது என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எது வெடித்தது என்பது. அதற்கடுத்தது, அதை அங்கே அனுப்பியது யார் என்பது. "உறுதியா சொல்ல முடியாது சார், லேப்லதான் பாக்கணும்" என்றேன். எழுதிக்கொண்டார். எந்த லேபிலும் யாரும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கட்டுப்போட்ட கையோடு கிடந்த தண்டலின் நல்ல கையில் விலங்கு மாட்டினார்கள்.

அவர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்த மாதங்களில்தான் எங்கள் திட்டத்துக்கு விருது கிடைத்தது. சென்னையில் மேடை, பூங்கொத்து, கண்ணாடியில் செய்த ஒரு இலை. உதட்டில் தழும்பு தெரியாமல் சாயம் பூசிக்கொண்டு போனேன். அதற்குள் மறுபடி ஓட்டை போடச் சொல்லி உத்தரவு போட்டிருந்தேன், சத்தமில்லாமல், பழைய தேதியைப் போட்டு. அப்போதே வேலையை உதறினேன் என்று எழுத ஆசைதான். உதறவில்லை. மகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்குக் கடன் என்று எல்லாரும் சொல்வதை நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஊருக்குள் எங்கேயாவது டயர் வெடித்தாலும் குனிந்துவிடுவேன். கேஸ் அடுப்பைப் பற்றவைக்கக் கணவரைக் கூப்பிடுவேன். என்ன வியாதி என்று டாக்டர் கேட்டபோது வேலைப்பளு என்றேன்.

வழக்கு நான்கு வருடம் இழுத்தது. என்னை அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். முன்பு சொன்னதையே திருப்பிச் சொன்னால் போதும், ஐந்து நிமிட வேலை என்று கம்பெனி வக்கீல் காரில் வரும்போதே சொல்லிக்கொடுத்தார். ஜாமீனில் வந்திருந்த தண்டல் கூண்டில் நின்றார். பாதி முகம் சுருங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. அவருக்காக வந்தவர் இலவச சட்ட உதவியில் வந்த ஒரு சின்ன வயது வக்கீல். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உளியை உறையிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அந்த உளியை நான் அதற்கு முன்னால் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பிடியில் அவர் விரல்கள் தேய்த்த பள்ளங்கள் இருந்தன, ஐந்து விரலுக்கும். "வராது" என்றேன். வக்கீலே ஒரு நிமிடம் திகைத்துப்போனார். பிறகு எல்லாம் சொன்னேன், சுற்றறிக்கை, தண்ணீர்க் குழாய்ப் பூட்டு, பட்டியல், மண்ணுக்குள் போன பச்சை வளையம் உட்பட. நீதிபதி ஒரு பெண்மணி. எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்டார். "விருது வர்றதா இருந்துச்சு" என்றேன். வேறு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த வெல்டரின் அண்ணன் பெஞ்சைத் தாண்டி வந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். போலீசார் விலக்குவதற்குள் இரண்டு மிதி விழுந்தது. அவர்மேல் புகார் வேண்டாம் என்றேன். மறுநாள் தொழிற்சாலை வாசலில் என் அடையாள அட்டைக்குக் கதவு திறக்கவில்லை.

தண்டல் விடுதலையான அன்று கோர்ட் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். திட்டுவார், அடிப்பார், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் போனேன். நேராக வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "லிஸ்ட்டு இருக்கா?" என்றார். கைப்பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண் எண்ணாகப் படித்தார். தாம் ஏற்கெனவே குத்தியவற்றை நகத்தால் கீறிக்கொண்டே வந்தார். மனப்பாடமாக வைத்திருந்தார். "வேம்பாரு கெடக்கே. ஏளா, வண்டி இருக்கா?" என்று கேட்டார்.

அவரை என் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரைச் சாலையில் போனது போன மாதம். புது வெண்கல உளி ஒன்று வார்த்து வைத்திருந்தார். வேம்பாரில் அந்தக் கருவாட்டுக் களத்தில் ஆள் இல்லை. எல்லாரும் மீன் ஏலத்துக்குக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். வேலியோரமாக நின்றது டிரம். பச்சை வளையம் வெளிறியிருந்தது, மூடி திறக்கவே இல்லை. உப்புத் தொட்டியாக வெட்டுவதற்கு வைத்திருந்தார்கள். கேட்டுவிட்டுச் செய்வோம் என்றேன். "கேட்டுட்டு நின்னுதாம்ளா நாலு வருசம் போச்சி" என்று மூடியைத் திருகினார். நான் கடலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தேன். தோள் கழன்றுபோனது. நிரம்பியதும் அவர் உளியை வைத்தார். முதல் அடிக்கே மணலில் டிரம் ஆடியது, அவருடைய மூன்று விரல் கையில் உளி நிலைக்கவில்லை. நான் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாவது ஓட்டை விழும்போது களத்துக்காரி வந்துவிட்டாள். தலையில் மீன் கூடை. கூடையை இறக்கினாளோ போட்டாளோ, வேலியில் சாத்தியிருந்த வாரியலை எடுத்து என் முதுகில் விளாச ஆரம்பித்தாள். ஈர்க்குத் துடைப்பம், ரவிக்கையைத் தாண்டிச் சுரீர் சுரீரென்று இறங்கியது. "எவளா நீ? எங்க டிரம்ம எதுக்குளா நாசம் பண்ணுத?" என்று ஒவ்வொரு அடிக்கும் ஒரு கேள்வி. கை தானாக விலகப் பார்த்தது. "ஆட்டாம பிடிளா" என்றார் தண்டல், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது ஓட்டை. கழுத்தில் ஒரு அடி, காதில் ஒரு அடி. நான்காவது. தண்ணீர் நான்கு பக்கமும் தெறித்து என் சேலையை நனைத்தது. அவளுக்கும் மூச்சு வாங்கியது.

"அக்கா, இது எங்க கம்பெனி டிரம்மு" என்றேன். "நாந்தான் அனுப்புனேன். கேஸ் வச்சு வெட்டுனா வெடிச்சிரும். உடன்குடில ஒருத்தர் இதுலதான் செத்துப்போனாரு. அனுப்பும்போதே எனக்குத் தெரியும்."

இவ்வளவையும் என் வாயால் நான் அதுவரை ஒரே மூச்சில் சொன்னதில்லை. கோர்ட்டில்கூடக் கேள்வி கேள்வியாகத்தான் வந்தது. அவள் வாரியலைப் பிடித்தபடியே டிரம்மையும், தண்டலின் முகத்தையும், கையையும் பார்த்தாள்.

"எம்மவன் நாளைக்கு வெட்டுதேன்னு இருந்தான்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இத அப்பமே சொல்லுததுக்கு ஒனக்கு என்னளா வந்திச்சி?"

என் காலடியில் காறித் துப்பினாள். வாரியலை எறிந்துவிட்டுக் குடிசைக்குப் பின்னால் போனாள். பட்டியலில் இல்லாத இன்னொரு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். நான் வாளியை எடுத்துக்கொண்டு கடலுக்கு நடந்தேன்.